எட்டிப் பார்க்க வந்தவரும் விருந்தாக வந்தவரும்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றிவரும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார்கள், இருப்பதைப் போட்டுச் சாப்பிட வைப்போம், இப்போதெல்லாம் போன் செய்யாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, தமிழரின் விருந்தோம்பல் செத்துவிட்டது என்று போகும். அடியில் ஒரு கைகூப்பும் படம். நாலு பேர் “நூறு சதவீதம் உண்மை” என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்தச் செய்தியோடு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. பெரியப்பா சும்மா வந்துவிட்டுப் போவது ஒரு விஷயம். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டு, மொத்தத்துக்கும் ‘விருந்தோம்பல்’ என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கூட்டம் உண்டு. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே எது போனது, எது இன்னும் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசும் தமிழ் தெரிந்தால் போதும்.

கீரை போகுது, கூப்பிடு

காலையில் தெருவில் ஒரு குரல் போகிறது. அடுப்படியிலிருந்து அம்மா சொல்கிறார்: “கீரை போகுது பாரு, கூப்பிடு.”

கீரைக்குக் கால் கிடையாது. போவது கீரை விற்கிறவர். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை, ஓடிப்போய் அவரைத்தான் கூப்பிடுகிறோம். “கேஸ் வந்திருக்கு, கதவைத் திற” என்றால் வாசலில் நிற்பது சிலிண்டர் கொண்டுவந்தவர். “ஆட்டோ, வருமா?” என்று கேட்டால் பதில் சொல்வது ஓட்டுநர். இப்படி ஒன்றின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்றுக்கு ஆகி வந்தால் அதற்கு ஆகுபெயர் என்று பெயர். பள்ளியில் அதன் வகைகளை எல்லாம் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். இங்கே ஒரே ஒரு வகை போதும்: ஒரு குணத்தின் பெயர், அந்தக் குணம் உள்ள பொருளுக்கோ ஆளுக்கோ பெயராவது.

“இனிப்பு எடுத்துக்கோங்க” என்று தட்டை நீட்டுகிறார்கள். இனிப்பு ஒரு சுவை, அதைக் கையில் எடுக்க முடியாது. எடுப்பது லட்டு. ஆனால் லட்டுக்கே இனிப்பு என்ற பெயர் வந்துவிட்டது. காரமும் அப்படித்தான், “கொஞ்சம் காரம் போடுங்க” என்றால் மிக்சர் வருகிறது.

‘விருந்து’ என்ற சொல்லுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

விருந்து என்றால் புதுசு

விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. சோறு, இலை, பாயசம் எதுவும் அதில் இல்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் நூல்களின் அழகுகளாக எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் விருந்து. புதிய முறையில் பாடப்படும் செய்யுள் என்பது அதன் விளக்கம். ஒரு கவிதை வகைக்கு எதற்குச் சாப்பாட்டின் பெயர் என்று முதன்முறை படிக்கிறவர்கள் திகைப்பார்கள். அங்கே சாப்பாட்டுக்கு வேலையே இல்லை. புதுசு என்பதுதான் பொருள்.

அந்தப் புதுமை என்ற குணம் புதிதாக வந்து நிற்கிற ஆளுக்குப் பெயராயிற்று. இது முதல் தாவல், இனிப்பு லட்டானது போல. திருக்குறளில் விருந்தோம்பல் என்ற 9ஆம் அதிகாரம் முழுக்க விருந்து என்றால் ஆள்தான். “செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்” என்ற குறளில் போகிற விருந்தும் வருகிற விருந்தும் இரண்டு கால் உள்ள மனிதர்கள். இதைச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டு படித்தால் குறளே சிரிப்பாகிவிடும்: போகிற சாப்பாட்டைக் கவனித்துவிட்டு, வரப்போகும் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிற ஒருவர்! நம்மில் அப்படி ஆட்கள் இல்லாமல் இல்லை, ஆனால் வள்ளுவர் சொன்னது அவர்களை அல்ல.

இரண்டாவது தாவல் பின்னால் வந்தது. புதிதாக வந்தவருக்கு வைக்கும் நல்ல சாப்பாட்டுக்கே விருந்து என்று பெயர் ஆனது. இன்றைக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பொருள்தான். கறி விருந்து, தேநீர் விருந்து, கண்ணுக்கு விருந்து. “அடுத்த ஞாயிறு எங்க வீட்ல விருந்து, வந்துடுங்க” என்று நாள் குறித்துக் கூப்பிடுகிறோம். தெரிந்த ஆட்களுக்குத் தெரிந்த நாளில் சாப்பாடு. சொல்லின் வேரிலிருந்த ‘புது’ மொத்தமாகக் கழன்றுவிட்டது. மலையாளத்திலும் இதே சொல் ‘விருன்னு’ என்று இருக்கிறது. அங்கே அது சாப்பாடு, வந்தவர் ‘விருன்னுகாரன்’.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விருந்து முதலில் புதுமை, அடுத்து புதிதாக வந்தவர், கடைசியாக அவருக்குப் போடும் சோறு. விருந்தாளி, விருந்தினர், தென்மாவட்டப் பேச்சில் வரும் விருந்தாடி ஆகியவை, சோறு அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு ஆளை அடையாளம் காட்ட வால் சேர்த்துக்கொண்ட சொற்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா விருந்தாளியா?

சரி, சொந்தக்காரர் வந்தால் அவர் விருந்தா?

பழைய கணக்கில் அவருக்கு வேறு பட்டியல். குறள் 43 இல்லறத்தான் பேணவேண்டிய ஐந்து பேரை வரிசையாகச் சொல்கிறது: தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான். தென்புலத்தார் என்றால் மறைந்த முன்னோர். ஒக்கல் என்றால் சுற்றத்தார், சொந்தக்காரர். விருந்து தனி, ஒக்கல் தனி. தொல்காப்பியக் கற்பியலிலும் “விருந்து புறந்தருதலும் சுற்றம் ஓம்பலும்” என்று இரண்டும் தனித்தனி வேலைகளாகவே வருகின்றன. ஒரே வேலையாக இருந்திருந்தால் இரண்டு முறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 43ஆம் குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், விருந்து என்றால் புதுமை, அது ஆகுபெயராய்ப் புதியவராக வந்தவரைக் குறித்தது என்று சொல்லிவிட்டு, அவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். முன்பே அறிமுகம் இருப்பதால் குறித்து வந்தவர்கள் ஒரு வகை, அது இல்லாமல் குறியாது வந்தவர்கள் இன்னொரு வகை. எனக்கு மிகவும் பிடித்த பிரிப்பு இது. குறித்து வருவது என்றால் தேதி குறித்துவிட்டு வருவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இன்னார் வீட்டுக்குப் போகிறேன்’ என்று வீட்டை மனத்தில் குறித்து வருவது. குறியாது வந்தவருக்கு எந்த வீடும் குறி இல்லை. இருட்டிவிட்டது, மழை பிடித்துக்கொண்டது, கால் ஓய்ந்த இடத்தில் உங்கள் வாசல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆக, பழகியவரும் விருந்தாகலாம். ஆனால் சொல்லின் முழு எடை இரண்டாவது ஆள் மேல்தான் விழுகிறது. நற்றிணை 142 ஒரு பெண்ணைப் பாராட்டும்போது “அல்லில் ஆயினும் விருந்து வரின் உவக்கும்” என்கிறது. அல் என்றால் இரவு. இராத்திரியில் வந்தாலும் முகம் மலர்கிறாள் என்று தனியாகச் சொல்லவேண்டியிருந்தது என்றால், இராத்திரியில் வந்து நின்றால் முகம் சுருங்குவதும் உலகத்தில் இருந்தது என்றுதானே பொருள். அந்த நேரம் அடுப்பு அணைந்திருக்கும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த ‘ஆயினும்’ புரியும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். காக்கா கத்தினால் விருந்தாளி வருவார் என்கிறோமே, அது குறுந்தொகை 210இலேயே இருக்கிறது: “விருந்து வரக் கரைந்த காக்கை”. அந்தப் பாட்டில் வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? பிரிந்து போயிருந்த தலைவன், அந்தப் பெண்ணுடைய சொந்த ஆள். அவள் தேறியிருந்ததற்குக் காரணம் நான் இல்லை, கத்தி நம்பிக்கை கொடுத்த காக்கைதான் என்று தோழி சொல்கிறாள். அந்தக் காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு வைத்தாலும் போதாதாம். தன் வீட்டுக்குத் திரும்பும் ஆளின் பாட்டிலேயே விருந்து என்ற சொல் வருகிறது என்றால், அங்கேயும் அந்தப் பழைய ‘புதுவரவு’தான் ஒலிக்கிறது.

புதியவர் இடத்தில் உறவினர் வந்து உட்கார்ந்தது எப்படி? கொங்குப் பக்கம் “ஒரம்பரை வந்திருக்காங்க” என்பார்கள். உறவின்முறை என்பதன் பேச்சு வடிவம் அது. சொல் உறவைச் சொல்கிறது, குறிப்பது வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியை. வருகிறவர்கள் எல்லாம் உறவினர்களாகவே இருந்தால் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இயல்பு. வழிப்போக்கர் வீட்டுக்குள் வருவது நின்று நாளாகிவிட்டது. அவருக்கென்று முதலில் வாசலில் திண்ணை இருந்தது: கூரைக்குக் கீழே, கதவுக்கு வெளியே. மரியாதையும் எச்சரிக்கையும் சேர்ந்து கட்டிய மேடை அது. வழிகளில் சாவடியும் சத்திரமும் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. பிறகு லாட்ஜும் ஓட்டலும் வந்தன. குறியாது வந்தவரைக் கவனிக்கும் வேலை வீட்டை விட்டு வெளியே போய்ப் பல தலைமுறை ஆகிறது. செல்போன் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயம் இல்லை.

தேதி இல்லாதவர்

இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் ‘அதிதி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வருவார். அ என்றால் இல்லை, திதி என்றால் தேதி, எனவே அதிதி என்றால் தேதி சொல்லாமல் வருகிறவர் என்று விளக்கமும் சொல்வார். காதுக்கு அழகாக இருக்கிறது. நம் ‘தேதி’யே ‘திதி’யிலிருந்து வந்ததுதான் என்பதால் உடனே நம்பவும் தோன்றுகிறது.

சிக்கல் என்னவென்றால் பழைய சமஸ்கிருத நூல்களே இதில் ஒத்துப்போவதில்லை. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம் இரண்டு விளக்கம் தருகிறது: வீடுகளை நோக்கிச் செல்கிறவர் என்பது ஒன்று, திதி நாள்களில் பிறர் வீட்டுக்கு வருகிறவர் என்பது மற்றொன்று. இரண்டாவது, நம் வாட்ஸ்அப் விளக்கத்துக்கு நேர் எதிர்! மனுதர்ம சாத்திரம், நிலையாகத் தங்காதவர் என்பதால் அதிதி, அவர் ஓர் இரவு மட்டும் தங்குகிறவர் என்கிறது. மொழியியலாளர்கள் பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் விருந்தினருக்கு இருக்கும் ‘அஸ்தி’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். அதில் திதியும் இல்லை, ‘இல்லை’ என்ற அகரமும் இல்லை.

வேரைத் தோண்டாமல், காதில் விழும் ஓசையை மட்டும் வைத்துச் சொல்லுக்குக் கதை கட்டுவதை மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். ஒரே இனிஷியல் இருப்பதால் இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்று முடிவு கட்டுவது போன்றது அது. சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் இனிஷியல் அதற்குச் சாட்சி ஆகாது.

அந்த விளக்கத்தை நம்புகிறவர்கள் ஒருமுறை இலங்கைத் தமிழ் அழைப்பிதழைப் பார்க்கவேண்டும். அங்கே விழாவின் முக்கிய விருந்தினரைப் பிரதம அதிதி என்று போடுவார்கள். தேதி, நேரம், இடம் எல்லாம் அச்சடித்து, முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டுச் சம்மதம் வாங்கி, வாசலில் மாலையோடு காத்திருந்து வரவேற்கப்படுகிறவர் ‘தேதி இல்லாதவர்’. இங்கே நாம் மட்டும் என்ன, அதே ஆளைச் சிறப்பு விருந்தினர் என்று, அதாவது சிறப்பான புதுமுகம் என்று போடுகிறோம். அவர் பத்தாவது வருடமாக வருகிறவராக இருந்தாலும்.

புதியவரும் விருந்தினரும் ஒரே சொல்லில் இருப்பது நமக்கு மட்டும் உள்ள பெருமை என்று நினைத்துவிடவும் வேண்டாம். பழைய கிரேக்கத்தில் ‘க்செனோஸ்’ என்றால் அந்நியர், விருந்தினர் இரண்டும். லத்தீனில் ‘ஹோஸ்டிஸ்’ என்ற சொல் முதலில் வெளியாளைக் குறித்து, பிறகு எதிரிக்குப் பெயரானது. ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’ அதே வேரில் கிளைத்தது. வாசலில் நிற்கும் தெரியாத முகம் இரண்டில் எதுவாகவும் ஆகலாம் என்ற தயக்கம் அந்த வேரிலேயே இருக்கிறது.

முழு ஆள் வருவதே இல்லை

இப்போது அடுத்த கூட்டத்துக்கு வருவோம். இது இலக்கியத்தில் அதிகம் அடிபடாத, வீட்டுக்குள்ளேயே புழங்கும் கூட்டம்.

எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். சும்மா தலையைக் காட்டிட்டு வந்துடறேன். ஒரு எட்டு போயிட்டு வந்துடு. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சு எத்தனை நாளாச்சு!

கவனித்துப் பாருங்கள். எட்டிப் பார்ப்பதற்குக் கழுத்து போதும். தலையைக் காட்டுவதற்குத் தலை மட்டும். எட்டு என்பது காலால் வைக்கும் ஓர் அடி. வாசப்படியை மிதிப்பது பாதம். இந்தச் சொற்களில் முழு ஆள் வருவதே இல்லை, துண்டு துண்டாகத்தான் வருகிறார். ஏன்? முழு ஆள் வந்தால் அவரை உட்காரவைக்க வேண்டும், சாப்பாடு கேட்கவேண்டும், வேலையைப் போட்டுவிட்டுப் பேசவேண்டும். வருகிறவர் தன் வருகையைச் சின்னதாக்கிக் காட்டுகிறார். நான் பாரம் இல்லை, நீ எதையும் நிறுத்தவேண்டாம் என்று வாயால் சொல்லாமல் சொல் சொல்லிவிடுகிறது. பெரிய வருகைக்கு எதிர்ப்பக்கச் சொற்கள் இருக்கின்றன: மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிட்டாங்க, டேரா போட்டுட்டாங்க. அவற்றை வருகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வதே இல்லை. கதவைச் சாத்தியபிறகு வீட்டுக்காரர்கள் சொல்வது.

ஒரு காட்சி. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பெரியப்பா. வண்டியை ஸ்டாண்டு போடவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

“என்ன பெரியப்பா, காத்து இந்தப் பக்கம் அடிக்குது? வாங்க, உள்ள வாங்க.”

“இல்லடா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. அப்பா இருக்காரா?”

“இருக்காரு, உள்ள வாங்க.”

“நேரமாச்சுடா, கெளம்பணும்.”

இன்ஜின் நிற்கிறது. இரண்டாவது வாங்க முடிந்துவிட்டது. மூன்றாவது வாங்க உள்ளேயிருந்து அம்மா குரலில் வரவேண்டும். வந்ததும் செருப்பைக் கழற்றுகிறார். நாற்காலியின் விளிம்பில் உட்காருகிறார். “தண்ணி மட்டும் போதும்மா.” தண்ணீர் வருகிறது, அவருக்குத் தெரியும் பின்னாலேயே காபியும் வரும். அரை மணி கழித்து முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. எட்டிப் பார்த்த கழுத்தோடு இப்போது முழு ஆளும் வந்து சேர்ந்துவிட்டார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பெரியப்பா ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போக ஒரு வழி வைத்துக்கொண்டே வருகிறார். வீட்டில் ஏதோ சண்டை நடந்துகொண்டிருந்தால், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், இன்ஜின் ஓடும்போதே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு கிளம்பியிருப்பார். அனிச்சப் பூ மோந்தால்தான் வாடும், விருந்தோ முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடும் என்று குறள் 90 சொல்லும் இடம் இதுதான்.

‘சும்மா’ என்ற சொல்லையும் இங்கே சேர்க்கவேண்டும். வந்தவரிடம் “என்ன விஷயமா வந்தீங்க?” என்று கேட்கக் கூடாது. காரணம் இருந்தால்தான் வரலாமா என்று மனம் நோகும். “என்ன இந்தப் பக்கம்?” என்று கேட்கலாம், அது திசையைத்தான் கேட்கிறது. அதற்கு “சும்மாதான்” என்று பதில் வந்தால், கடன் கேட்க வரவில்லை, பத்திரிகை வைக்க வரவில்லை, பஞ்சாயத்து பேச வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படித்தான். எப்போதாவது கிளம்பும் நேரத்தில், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்புறம்… உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்” என்று ஆரம்பிப்பார். அப்போது தெரியும், அந்தச் சும்மா சும்மா இல்லை.

சுருக்கமாக: விருந்து வகைச் சொற்கள் வந்தவரைப் பெரிதாக்கும், எட்டிப் பார்க்கும் வகைச் சொற்கள் வந்தவர் தன்னைச் சின்னதாக்கிக்கொள்ள உதவும்.

போகிறேன் என்று சொல்லாதே

கிளம்பும்போது “போறேன்” என்று சொன்னால் பாட்டிகள் திட்டுவார்கள், “போயிட்டு வரேன்னு சொல்லு.” நல்லது அல்லாததாகத் தோன்றும் ஒன்றை நல்ல சொல்லால் மாற்றிச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் மங்கலம் என்கிறது. இறந்தார் என்பதற்குப் பதில் இறைவனடி சேர்ந்தார் என்பது போல. வெறும் ‘போகிறேன்’ திரும்பி வராத போக்குபோல் ஒலிக்கிறது, அதனால் ‘வருகிறேன்’ அதை மூடுகிறது.

இந்தச் சொல்லின் பலம் அது தடைசெய்யப்படும் இடத்தில்தான் நன்றாகத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். மீண்டும் இதே காரியத்துக்கு இந்த வீட்டுக்கு வருவேன் என்றல்லவா ஆகிவிடும்!

வரவும் போக்கும் சேர்ந்து ஒரு சொல் ஆனது இன்னும் சுவையானது. “எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையும் இல்ல, போக்குவரத்தும் இல்ல” என்பார்கள். செய்தித்தாளில் இரண்டும் அரசாங்கச் சொற்கள்: ஒன்று தொழிற்சங்கத்தோடு நடப்பது, மற்றது சாலையில் நெரிவது. வீட்டில் அவற்றுக்கு வேறு பொருள். ஓர் உறவு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இரண்டு அளவுகோல்கள்: பேசுகிறார்களா, வந்துபோகிறார்களா. இரண்டு சொல்லிலும் இருபக்கமும் அடங்கியிருக்கின்றன. ஒருவரே வந்துகொண்டிருந்தால் அது போக்குவரத்து ஆகாது.

அழையா விருந்தாளி

இந்தத் தொடரை மட்டும் வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். இன்று இது ஒரு வசவு. மழைக்கு வீட்டுக்குள் புகும் பாம்பையும், உடம்புக்கு வரும் சர்க்கரை வியாதியையும்கூட அழையா விருந்தாளி என்று எழுதுகிறார்கள். பழைய பொருளில் பார்த்தால் அழைக்கப்படாமல் வருவதுதான் விருந்தின் இலக்கணமே, ‘அழையா’ என்பது வேண்டாத அடைமொழி. சாப்பாட்டுக்கு நாள் குறித்து அழைப்பது வழக்கமானபிறகுதான் அழைக்காமல் வருவது குற்றமாகியிருக்க முடியும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியிலும் வரம்பு வைப்பது தங்கும் நாளுக்குத்தான், வந்து சேரும் முறைக்கு இல்லை. இஸ்லாமிய நபிமொழியிலும் விருந்தோம்பலுக்கு அதே மூன்று நாள் கணக்கு இருப்பது கவனிக்கத்தக்கது. அதற்கு மேல் செய்வது தருமம் என்கிறது அது.

அப்படியானால் போன் எதைக் கெடுத்தது?

எட்டிப் பார்ப்பதை. அதையும் முழுக்க அல்ல. இன்ஜினை அணைக்காமல் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை இப்போது “வீட்ல இருக்கீங்களா? ஃப்ரீயா?” என்ற ஒரு கேள்வி முன்னாலேயே கேட்டுவிடுகிறது. கேட்டபிறகு வந்தால் அவர் எட்டிப் பார்க்க வந்தவராக இருக்க முடியாது. வீடு கூட்டியிருக்கும், கொடியில் காயும் துணி உள்ளே போயிருக்கும், பிஸ்கட் தட்டில் இருக்கும். தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. சின்ன வருகை என்ற ஒன்றுக்கு இடம் குறைந்து, எல்லா வருகையும் பெரிய வருகையாகிவிட்டது. அதனால்தான் அதற்கு விருந்து என்ற பெரிய சொல்லைத் தூக்கிப் போட்டுப் புலம்புகிறோம் என்று நினைக்கிறேன்.

குறுந்தொகை 118இல் ஒரு மாலை நேரம் வருகிறது. பலரும் புகுந்து போகும் பெரிய வாசலை இரவுக்கு அடைக்கப் போகிறார்கள். அடைக்குமுன் காவலர்கள் வெளியே பார்த்துக் கேட்கிறார்கள்: “வருவீர் உளீரோ?” உள்ளே வருகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தப் பாட்டின் பெண்ணுக்கு அதுவே வலி, அவள் எதிர்பார்க்கும் ஆள் அந்தக் கேள்விக்கும் வரவில்லை. ஆனால் கேள்வியின் திசையைப் பாருங்கள். இன்று வெளியே இருப்பவர் “இருக்கீங்களா?” என்று கேட்கிறார். அங்கே உள்ளே இருப்பவர்கள் “வருவீர்களா?” என்று கேட்டார்கள்.

பெரியப்பாவும் இப்போது போன் செய்துவிட்டுத்தான் வருகிறார். “வீட்ல இருக்கியாடா?” என்பார். இருக்கேன் பெரியப்பா, எப்ப வரீங்க என்று கேட்டால், பின்னணியில் ஸ்கூட்டர் சத்தம் போனிலும் கேட்கும், ஜன்னல் வழியாகவும் கேட்கும்.

“வாசல் கேட் கிட்டதான் நிக்கிறேன்.”